மரம் அறியும், மரம் வருந்துமா?

இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஃபரித்பூரில், நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, ஒரு பேரீச்ச மரத்தைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். மாலையில் கோயில் மணி அடிக்கும் வேளையில் அந்த மரம் நமஸ்காரம் செய்வதுபோலத் தலை தாழ்ந்து கிடக்கும். காலையில் பார்த்தால் நிமிர்ந்து நிற்கும். மழை, வெயில், பனி எதுவானாலும் இது தவறியதில்லை. மரத்துக்குக் காணிக்கை வைத்தவர்களுக்குத் தீராத நோய் தீர்ந்தது என்ற பேச்சும் பரவியது.

மரத்தை ஆராய்ந்து எழுதிவைத்தவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். ஃபரித்பூர் அவருக்குப் புதிய ஊர் அல்ல. தந்தை பகவான் சந்திர போஸ் அங்கே அரசு அதிகாரியாக இருந்தவர். ஜகதீசரின் சிறுவயது அங்கேதான் கழிந்தது. தாவரங்களின் உயிரியக்கங்களைப் பற்றி 1918-இல் வெளியிட்ட நூலில் அந்த மரத்தை அவர் அளந்து சொல்கிறார். அடிமரத்தின் நீளம் சுமார் ஐந்து மீட்டர், குறுக்களவு 25 செ.மீ. எப்போதோ புயலில் சாய்ந்து, சாய்ந்தபடியே வளர்ந்துவந்த மரம். அடிமரத்தின் உச்சி ஒரு நாளில் ஒரு மீட்டர் ஏறி இறங்கியது. காலையில் வானத்தை நோக்கி நின்ற பெரிய ஓலைகள் பிற்பகலுக்குள் சுமார் ஐந்து மீட்டர் கீழே வந்துவிட்டன.

கருவி பொருத்த வந்தபோது மரத்தின் சொந்தக்காரர் தயங்கினார். வெள்ளைக்காரர் செய்த கருவி போலத் தெரிவது மரத்தின்மேல் பட்டால் அதன் தெய்வத்தன்மை போய்விடாதா என்பது அவர் கவலை. போஸ் அதை அலட்சியப்படுத்தவில்லை. கருவி இந்தியாவிலேயே தம் கூடத்தில் செய்யப்பட்டது, அதை மரத்தில் பொருத்தப்போகிறவர் ஒரு பூசாரியின் மகன் என்று எடுத்துச் சொன்னார். அதன்பிறகே அனுமதி கிடைத்தது.

கருவி இரவும் பகலும் கோடு இழுத்தது. பக்கத்திலேயே வெப்பமானியின் கோடும் பதிவானது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. வெப்பம் ஏற ஏற மரம் தாழ்ந்தது. வெப்பம் இறங்க இறங்க எழுந்தது. அதிகாலைக் குளிர் தீரும் நேரத்தில் மரம் ஆக உயரத்தில் நின்றது. பிற்பகல் மூன்று மணியை ஒட்டி ஆகத் தாழ்ந்தது. மாலை மணி ஒலிக்கும்போது பக்தர்கள் பார்த்தது, வெயிலில் ஏற்கெனவே தாழ்ந்துபோயிருந்த மரத்தை.

சில காலம் கழித்து மரம் பட்டுப்போனது என்றும் அதன் அசைவு நின்றுவிட்டது என்றும் அரசாங்கத்திடமிருந்து போஸுக்குத் தகவல் வந்தது. போஸ் இதைப் பெரிய சான்றாக எடுத்துக்கொண்டார். வெயிலில் மரக்கட்டை விரிவதும் சுருங்குவதும்தான் அசைவுக்குக் காரணம் என்றால் செத்த மரமும் அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை. ஆகவே வெப்பத்துக்குப் பதில் சொன்னது கட்டை அல்ல, உயிர்.

இங்கேதான் தத்துவக் கேள்வி பிறக்கிறது. வெப்பத்தையும் ஒளியையும் ஓர் உயிர் அறிகிறது; அறிந்து நடந்துகொள்கிறது. அப்படியானால் அறிகிறவர் ஒருவர் உள்ளே இருக்கிறாரா? வெயிலில் தாழும் மரத்துக்கு வெயில் சுடுகிறதா? சுடுகிறது என்றால் அந்த மரத்தை வெட்டுவதும், ஒரு கீரைத்தண்டைப் பிடுங்குவதும் எந்தக் கணக்கில் சேரும்?

இந்தக் கேள்வி இந்த நாட்டுக்கு மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறு வகையாகப் பிரிக்கும்போது, புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்கள் என்று முதல் படியில் வைக்கிறது. அந்த ஓர் அறிவு தொடு உணர்வு. சமணமும் இதையே சொல்கிறது: தாவரங்கள் ஒரே பொறி உடைய, இடம்பெயராத உயிர்கள், அவற்றுக்கும் ஆன்மா உண்டு, அவற்றைத் துன்புறுத்துவதும் வினை சேர்க்கும்.

மகாபாரதத்தின் சாந்தி பர்வம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மரம் பார்ப்பதில்லை, கேட்பதில்லை, நுகர்வதில்லை. பிறகு அதில் ஐம்பூதங்களும் இருப்பதாக எப்படிச் சொல்வது என்று பரத்வாஜர் கேட்கிறார். பிருகு ஒவ்வொன்றாக மறுமொழி தருகிறார். வெப்பம் பட்டால் இலை வாடுகிறது, ஆகவே தொடு உணர்வு உண்டு. இடியோசையில் பூவும் காயும் உதிர்கின்றன, ஆகவே கேள்வி உண்டு. கொடி தன் வழியைத் தேடிப் படர்ந்து சுற்றிக்கொள்கிறது, ஆகவே பார்வை உண்டு. மணத்தாலும் புகையாலும் நோய் நீங்கிப் பூக்கிறது, ஆகவே மோப்பம் உண்டு. வேரால் நீர் குடிக்கிறது, ஆகவே சுவை உண்டு. சான்றுகள் எல்லாமே கண்ணால் கண்டவை. அவற்றிலிருந்து அவர் வந்த முடிவுகளில்தான் வழக்கு இருக்கிறது.

அந்த வழக்கைக் கூர்மையாக நடத்தியவர்கள் பௌத்தர்கள். ஆரம்பத்தில் அவர்கள் நிலை மென்மையானது. விநய நூல்களின்படி, மழைக்காலத்தில் பிக்குகள் பச்சைப் புல்லை மிதித்து நடந்து ஓரறிவு உயிரைத் துன்புறுத்துகிறார்கள் என்று ஊர்மக்கள் குறை சொன்னதால்தான் மழைக்கால வாசமே விதிக்கப்பட்டது. செடிகொடிகளை அழிப்பது பிக்குவுக்குக் குற்றம் என்ற விதியும் உண்டு. மரத்துக்கு உயிர் உண்டு என்று மக்கள் கருதுகிறார்கள் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். உயிர் உண்டா இல்லையா என்ற தீர்ப்பைப் புத்தர் அந்த இடத்தில் வழங்கவில்லை.

தீர்ப்பு சொல்லத் துணிந்தவை பின்னால் வந்த தர்க்க நூல்கள். 7-ஆம் நூற்றாண்டின் பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி. அவர் தெற்கே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும். தம் நியாயபிந்து என்ற நூலில், தவறான ஏதுவுக்கு, அதாவது காரணத்துக்கு, உதாரணமாக அவர் காட்டுவது சமணர்களின் வாதத்தை: பட்டையை முழுவதும் உரித்தால் மரம் செத்துப்போகிறது, ஆகவே மரத்துக்குச் சேதனம், அதாவது உணர்வு, உண்டு. தர்மகீர்த்தி இதை ஏற்பதில்லை. மரணம் என்றால் உணர்வும் பொறிகளும் ஆயுளும் அறுந்துபோவது. மரத்தில் அந்த உணர்வு இருந்ததா என்பதுதானே கேள்வி? காய்ந்துபோவதைப் பார்த்து மரணம் என்று சொன்னால், நிறுவ வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டதாகிறது.

அந்த நூலுக்கு உரை எழுதிய தர்மோத்தரர் இன்னொரு வாதத்தையும் எடுத்துக் காட்டுகிறார். மரங்கள் தூங்குகின்றன, ஆகவே அவை சேதனம் உடையவை. தூக்கத்துக்கு அடையாளம் இரவில் இலை குவிவது. அவர் விடை ஒரே வரியில் முடிகிறது: எல்லா மரமும் இலை குவிப்பதில்லை, சில மரங்களே குவிக்கின்றன, ஆகவே ஏது வாதத்துக்கு எடுத்துக்கொண்ட மரங்களில் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்துகிறது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் தத்துவவாதிகள் மரத்தடியில் நின்று, எந்த மரம் இரவில் இலை மூடுகிறது, எது மூடுவதில்லை என்று பார்த்திருக்கிறார்கள். சமணர்களும் விடவில்லை. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குணரத்னர் தூங்கி விழிக்கும் செடிகளையும், தொட்டால் சுருங்கும் செடியையும் சான்றாக அடுக்குகிறார்.

தூக்கம் என்று அவர்கள் சொன்ன அந்த அசைவைக் கிரேக்கர்களும் கண்டு வியந்தார்கள். அலெக்சாந்தரோடு வந்த ஆண்ட்ராஸ்தெனீஸ், இன்றைய பஹ்ரைனில் ஒரு மரம் சூரியனோடு இலை விரித்து இரவில் மூடுவதைக் கண்டார். அது தூங்குவதாக அவ்வூர்க்காரர்கள் சொன்னார்களாம். கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் இதைப் பதிவுசெய்திருக்கிறார். அது புளியமரம் என்பது அறிஞர் கருத்து.

தமிழ்நாட்டில் இதைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். பள்ளிக்கூட வளாகத்திலும் பழைய சாலையோரத்திலும் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் போதும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். வந்த இடத்தில் நிலைத்துவிட்டது. ஒரு கிளையைத் தாழ்த்தி இலைக்காம்பின் அடியைப் பார்த்தால் அங்கே ஒரு சிறு புடைப்பு தெரியும். சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் அதேபோல மிகச் சிறிய புடைப்பு உண்டு. அசைவெல்லாம் நடப்பது அந்த மூட்டுகளில். மூட்டின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது, செல்கள் தொய்கின்றன. எதிர்ப்பக்கத்துச் செல்கள் நீர் வாங்கி விம்முகின்றன. இலை மடிகிறது. விடிந்தால் எல்லாம் தலைகீழ். வானம் கறுத்து மழை இருட்டு கட்டினாலும் பகலிலேயே இலை மடியும். அமெரிக்கத் தாவரவியலாளர் ரூத் சாட்டர் பல ஆண்டுகள் பாடுபட்டு இந்த மரத்தின் மூட்டுகளில்தான் பொட்டாசியத்தின் போக்குவரத்தை அளந்தார்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. 1729-இல் பிரெஞ்சு வானியலாளர் தெ மேரான் ஒரு தொட்டாற்சுருங்கி இனச் செடியை இருட்டறையில் வைத்தார். சூரியனைக் காணாமலேயே அது காலையில் இலை விரித்தது, மாலையில் மூடியது. செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. சூரியன் அதை நாள்தோறும் சரிசெய்கிறது, அவ்வளவுதான். இளம் சூரியகாந்தி பகலில் கதிரோடு மேற்கே திரும்பி, இரவிலேயே கிழக்கு நோக்கித் திரும்பி, உதயத்துக்குக் காத்திருப்பதும் இந்தக் கடிகாரத்தின் துணையால்தான். வெளியிலிருந்து தூண்டினால் மட்டும் அசையும் பொருள் அல்ல செடி. இனி வரப்போவதற்குத் தயாராகிறது. தர்மோத்தரர் இதை அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

செடி ஒளியை எங்கே அறிகிறது? சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து 1880-இல் வெளியிட்ட நூலில் இதற்கு எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. ஒரு புல்லின் இளமுளை வெளிச்சத்தை நோக்கி வளையும். முளையின் நுனிக்கு மட்டும் ஒளி புகாத சிறு தொப்பி போட்டால் வளைவதில்லை. நுனியை விட்டுவிட்டு, வளையும் அடிப்பகுதியை மூடினால் வளைகிறது. அறிவது ஓரிடம், வளைவது வேறிடம். நடுவில் ஒரு செய்தி போகிறது. அந்தச் செய்தி ஆக்சின் என்ற வேதிப்பொருள் என்பதை 1920-களின் இறுதியில் டச்சு ஆய்வாளர் வென்ட் பிரித்துக் காட்டினார்.

ஆனால் தத்துவத்துக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பு ஒரு கீரை விதையிலிருந்து வந்தது. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் முதலியோர் நீரில் ஊறிய லெட்டூஸ் விதைகளின்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். சுமார் 70 சதவீத விதைகள் முளைத்தன. சிவப்புக்குப் பிறகு, கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் தூரச்சிவப்பு ஒளியைக் காட்டினால் 6 சதவீதம்தான் முளைத்தன. மறுபடி சிவப்பு காட்டினால் திரும்ப எழுந்தன. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதுவே விதையின் முடிவைத் தீர்மானித்தது. பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பைக் கீழே விடுகின்றன. ஆகவே மண்ணில் கிடக்கும் விதைக்குத் தூரச்சிவப்பு என்றால் தலைக்குமேல் வேறொரு செடி நிழல் விரித்திருக்கிறது என்று பொருள். இப்போது முளைத்தால் வெயில் கிடைக்காது, காத்திருக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கு ஃபைட்டோகுரோம் என்று பெயர். இரண்டு பக்கமும் திறக்கும் கதவு மாதிரி, சிவப்பு பட்டால் ஒரு நிலைக்கும் தூரச்சிவப்பு பட்டால் மறு நிலைக்கும் அது மாறும். இருட்டில் தானாகவே மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. 2016-இல் கேம்பிரிட்ஜில் பிலிப் விக்கின் குழுவும், புவனோஸ் ஐரிஸில் ஹோர்ஹே கசாலின் குழுவும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் செடியில் இதைக் காட்டி, சயன்ஸ் இதழில் எழுதின. இரவு வெதுவெதுப்பாக இருந்தால் ஃபைட்டோகுரோம் சீக்கிரம் அடங்குகிறது, தண்டு நீள்கிறது. குளிர்ந்த இரவில் நிதானமாக அடங்குகிறது; வளர்ச்சி மட்டுப்படுகிறது. பகலில் ஒளியை அறியும் அதே மூலக்கூறு இரவில் வெப்பத்தை அறிகிறது.

பிருகு தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய இரண்டு பொறிகள், பார்வையும் தொடு உணர்வும், தாவரத்தில் ஒரே புரதத்துக்குள் இருக்கின்றன. இதை வைத்துத் தொல்காப்பியரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார் என்று மார்தட்டுவது நேர்மையாகாது. அவர் புரதத்தைப் பேசவில்லை. உயிர்களை வகுப்பதற்கு ஒரு முறை சொன்னார். ஆனால் அந்த முறையில் ஒரு பெரிய நிதானம் இருக்கிறது. தாவரத்துக்கு அறிவு உண்டு என்று ஒப்புக்கொண்டதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அது அழுகிறது, ஏங்குகிறது என்று சேர்த்துச் சொல்லவில்லை.

அந்த நிதானம் இன்று பல இடங்களில் தவறிப்போகிறது. 1960-களில் கிளீவ் பாக்ஸ்டர் என்ற அமெரிக்கர், பொய் கண்டறியும் கருவியைச் செடியின் இலையில் மாட்டி, பக்கத்தில் உப்புநீர் இறால்கள் சாகும்போது செடி துடிக்கிறது என்றார். 1973-இல் ஒரு பிரபலமான புத்தகம் இதை உலகெங்கும் கொண்டுபோனது. 1975-இல் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுப்பாடான சோதனையில் அப்படி எந்தத் துடிப்பும் தெரியவில்லை. ஆனாலும் ஆன்மிகச் சொற்பொழிவுகளில் பாக்ஸ்டரின் செடி இன்றும் துடித்துக்கொண்டிருக்கிறது. போஸின் பெயரையும் இதோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். போஸ் அளந்தது அசைவை, மின்மாற்றத்தை, வளர்ச்சியை. ஒரு பெரிய விஞ்ஞானிக்குச் செய்யும் மரியாதை, அவர் காட்டியதை அவர் காட்டிய அளவுக்குச் சொல்வதுதான்.

விஞ்ஞானிகளுக்குள்ளும் பழைய வாதம் வேறு உடையில் நடக்கிறது. 2006-இல் சிலர் தாவர நரம்பியல் என்று ஒரு துறையையே அறிவித்தார்கள். மறு ஆண்டே 36 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு மறுத்தார்கள்: நரம்பும் இல்லை, மூளையும் இல்லை, பிறகு எப்படி நரம்பியல்? 2019-இல் லிங்கன் டெய்ஸ் முதலியோர், தாவரங்களுக்கு உணர்வுநிலை இல்லை, அது அவற்றுக்குத் தேவையும் இல்லை என்று விரிவாக எழுதினார்கள். மறுபக்கத்தார் சொல்வது, மூளை இல்லாமலேயே செய்தி சேர்த்து முடிவெடுக்கும் உயிரை வெறும் இயந்திரம் என்று தள்ளலாமா என்பது. தர்மகீர்த்திக்கும் சமணருக்கும் நடந்த வழக்குதான் இது. ஒரு தரப்பு அசைவைக் காட்டி உணர்வை ஊகிக்கிறது. மறுதரப்பு அந்த ஊகத்துக்கு ஏது போதாது என்கிறது.

ஏது போதாது என்பதே சரியான முடிவு. லெட்டூஸ் விதையில் சிவப்பு ஒளி பட்டதிலிருந்து முளை வெளிவருவதுவரை நடப்பதைப் புரதமும் மரபணுவும் நீரோட்டமுமாகச் சொல்ல முடிகிறது. அதில் வலி என்று ஒன்றைச் சேர்த்தால்தான் விளங்கும் என்ற இடம் எதுவும் இல்லை. அறிதல் வேறு, வருந்துதல் வேறு. முதலாவது தாவரத்தில் இருக்கிறது, ஐயமே இல்லை. இரண்டாவதற்குச் சான்று கிடைக்கவில்லை.

வலி இல்லையென்றால் கடமையும் இல்லை என்று ஆகிவிடுமா? இந்த இடத்தில் துணைக்கு வருகிறவர் வள்ளலார். 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியவர், உயிர்க்கொலையையும் புலால் உணவையும் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர். தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில், மரமும் நெல்லும் புல்லும் உயிர்தானே, அவற்றை உண்பது இம்சை ஆகாதா என்ற கேள்வியைத் தாமே எழுப்புகிறார். நழுவவில்லை. உயிர்தான் என்று ஒப்புக்கொள்கிறார். தொடு உணர்வு ஒன்றே விளங்கும் உயிர் என்கிறார். பிறகு விதையை எடுத்துக்கொள்கிறார். விதை ஜடம், நிலத்தில் விதைத்து நீர் விட்ட பிறகே உயிர் அதில் சேர்கிறது. காயும் கனியும் இலையும் எடுப்பது நகத்தையும் ரோமத்தையும் களைவது போன்றது. மனம் முதலிய கருவிகள் விளங்காத உயிருக்கு இதில் துன்பம் உண்டாவதில்லை.

லெட்டூஸ் விதை இந்த வாதத்தை உடைத்துவிட்டதா? பாதி உடைத்தது, பாதி தாங்கிப் பிடித்தது என்று சொல்லலாம். வெளிச்சத்தின் நிறத்தைப் பிரித்தறிந்து முளைப்பதா காத்திருப்பதா என்று நடந்துகொள்ளும் ஒன்றை ஜடம் என்பது கடினம். ஆனால் பெல்ட்ஸ்வில் விதைகள் நீரில் ஊறிய விதைகள் என்பதை மறக்கக் கூடாது. காய்ந்த விதையில் ஃபைட்டோகுரோம் பெரும்பாலும் முடங்கியே கிடக்கிறது. ஈரம் ஏறினால்தான் ஒளிக்குப் பதில் சொல்லும். வள்ளலார் கோடு போட்ட இடம் நீர் பட்ட விதைக்கும் படாத விதைக்கும் நடுவில். அது கண்மூடிப் போட்ட கோடு அல்ல.

காய்ந்த விதையிலும் உயிர் முழுவதும் விலகிவிடுவதில்லை என்பதற்கு இஸ்ரேலில் ஒரு சாட்சி நிற்கிறது. மசாடா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த, சுமார் 2000 ஆண்டுப் பழமையான ஒரு பேரீச்சங்கொட்டை 2005-இல் முளைத்தது. மெதூசலா என்று பெயரிட்டார்கள். அந்த இருபது நூற்றாண்டுகளும் உயிர் எங்கே இருந்தது? விதைக்குள் ஒடுங்கி இருந்தது என்பார் சமணர். விதைத்து நீர் விட்டபோதுதான் வந்து சேர்ந்தது என்பார் வள்ளலார். உயிர் என்பது தனிப் பொருள் அல்ல, சில சூழல்களில் தொடங்கும் ஒரு நிகழ்வு என்பார் உயிரியலாளர். மூவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது.

சமணர்களின் பழக்கத்தில் ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. நோன்பு காப்பவர்கள் கிழங்கு வகைகளைத் தவிர்ப்பார்கள். கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும், அதில் எண்ணற்ற உயிர்கள் ஓருடலாக வாழ்கின்றன என்பது அவர்கள் கொள்கை. வாழ்வதற்கு எதையாவது உண்டாக வேண்டும். ஆனால் குறைந்த தீங்கோடு உண்ண வேண்டும் என்று அளவு வைத்து வாழ்ந்தார்கள். செடிக்கு வலிக்கிறது என்று நிரூபணம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தனக்கென ஒரு போக்கு உடையதை அநாவசியமாகக் கலைக்காதே என்பதே அந்த ஒழுக்கத்தின் அடிப்படை. 2008-இல் ஸ்விட்சர்லாந்தின் அரசு அறநெறிக் குழு தாவரங்களின் கண்ணியம் பற்றி அறிக்கை வெளியிட்டபோது பலர் சிரித்தார்கள். வந்தவாசிப் பக்கத்துச் சமண வீடுகளில் அதைப் படித்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

தமிழ் வீடுகளில் விளக்கு வைத்த பிறகு செடியில் இலை பறிக்கவோ பூக்கொய்யவோ விடமாட்டார்கள். செடி தூங்குகிறது என்று பாட்டி தடுப்பாள். தூக்கம் என்பது சரியான விளக்கமா என்பதில் வழக்கு இருக்கலாம். இரவு செடிக்கு வெறும் வெளிச்சமின்மை அல்ல என்பதில் இனி வழக்கு இல்லை. இரவின் நீளத்தை அளந்துதான் பல செடிகள் பூக்கின்றன. கார்னர், அலார்டு இருவரும் 1920-இல் புகையிலைச் செடியை வைத்துப் பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள உறவை எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் செடி அளப்பது உண்மையில் இருட்டை என்று கண்டார்கள். நடு இரவில் சில நிமிஷம் விளக்குப் போட்டாலே கணக்குக் குலைந்துவிடும் செடிகள் உண்டு. சாமந்தி அப்படிப்பட்டது. பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் பூப்பதைத் தள்ளிப்போட இரவில் விளக்கெரிப்பது இதை நம்பித்தான்.

தெரியாமல் எரியும் விளக்குக்கும் இதே விளைவு உண்டு. நியூயார்க்கில் தெருவிளக்கை ஒட்டிய மரக்கிளைகள் மற்றவை இலையுதிர்த்த பிறகும் உதிர்க்காமல் நின்றதை 1936-இல் எட்வின் மாட்ஸ்கே பதிவுசெய்தார். 2016-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், இரவு வெளிச்சம் அதிகமுள்ள இடங்களில் மரங்கள் ஒரு வாரம்வரை முந்தித் துளிர்ப்பது தெரிந்தது. பகல் நீளம் பார்த்துப் பூக்கும் நெல் ரகங்கள் தெருவிளக்கின் அடியில் கதிர்விடத் தாமதிப்பதை ஜப்பானிய விவசாயிகள் நன்கு அறிவார்கள்.

நம் ஊர்களில் திருவிழாவுக்கும் புத்தாண்டுக்கும் மரத்தின் அடியிலிருந்து கிளைவரை சீரியல் பல்பு சுற்றுகிறார்கள். விழா முடிந்த பிறகும் வாரக்கணக்கில், சில ஹோட்டல் வாசல்களில் ஆண்டு முழுவதும், அவை விடிய விடிய எரிகின்றன. தல விருட்சத்துக்கு மஞ்சள் துணி கட்டிப் பிரதட்சிணம் வருகிற அதே கோயிலில், அந்த மரத்தின்மேல் ஃபோகஸ் லைட் இரவு முழுக்க அடிக்கிறது. மரத்துக்கு அது வலிக்கிறது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. இரவு வந்ததா இல்லையா என்று மரம் பார்க்கிறது. அதை நாம் ஏமாற்றுகிறோம். மரத்தை உயிர் என்று கும்பிடுகிறவர்களுக்கு இது பொறுப்பில்லாத காரியமாகவே படவேண்டும்.

செய்ய வேண்டியது சிறிய விஷயம். கோயில் நிர்வாகிகளும் குடியிருப்போர் சங்கத்தாரும் விழா முடிந்த மறுநாளே மரத்தில் சுற்றிய விளக்குகளை அவிழ்த்துவிடலாம். நடை சாத்தியதும் தல விருட்சத்தின்மேல் அடிக்கும் விளக்கை அணைத்துவிடலாம். தெருவிளக்கு அவசியம்தான், அதன் வெளிச்சம் சாலையில் விழும்படி மறைப்புப் போடச் சொல்லி மாநகராட்சியிடம் மனுக் கொடுக்கலாம். இதை வாசிப்பவர் வீட்டு வாசலில் ஒரு மரம் இருந்து, அதில் விளக்குச் சரம் தொங்கினால், தயவுசெய்து இன்று இரவே அதைக் கழற்றிவிடுங்கள்.